வாத்தியாரைக் கேளுங்கள்: சங்கம் இருக்கிறது, வாசிப்பு எங்கே?

அரசுப் பள்ளிகளைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஆசிரியர் சங்கங்களைப் பற்றித்தான், அதனால் இந்த முறை முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு விவரம்: நான் 33 வருஷம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் வேலை பார்த்தவன். அதில் 8 வருஷம் சங்கத்தின் வட்டாரச் செயலாளர். இதை மனதில் வைத்துக்கொண்டே என் பதில்களைப் படியுங்கள்.

ஐயா, நான் ஆட்டோ ஓட்டுகிறேன். பையன் ஐந்தாவது. தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தியைத் திக்காமல் வாசிக்கத் தெரியவில்லை. 2019-ல் ஒன்பது நாள் ஸ்கூலைப் போட்டுவிட்டுப் போராடினார்கள், அப்போது என் பெரிய பெண் பத்தாவது. சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் கத்துகிறவர்கள் பிள்ளைக்கு எழுத்து வரவில்லை என்று ஒரு நாளாவது கத்தியிருக்கிறார்களா? சங்கத்தையே கலைத்துவிட்டால் ஸ்கூல் சரியாகிவிடாதா? (வாசகர், திருவண்ணாமலை மாவட்டம்)

தம்பி, உங்கள் கோபத்தில் பாதி என் கோபமும்தான். மீதிப் பாதியில்தான் நாம் கொஞ்சம் பேச வேண்டும்.

ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தம் 2019 ஜனவரி 22-ல் தொடங்கி 30-ல் முடிந்தது. கேட்டது என்ன? 2003 ஏப்ரல் 1-க்குப் பிறகு வேலைக்கு வந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, மாதாமாதம் 10 சதவீதம் பிடிக்கிற பங்களிப்புத் திட்டம்தான், அதை மாற்று என்பது பெரிய கோரிக்கை. தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்துகிற இடைநிலை ஆசிரியர்களின் ஊதிய முரண்பாடு இன்னொன்று. பிள்ளைகள் குறைந்த பள்ளிகளை இணைக்காதே, அங்கன்வாடி எல்.கே.ஜி. வகுப்புகளுக்கு இடைநிலை ஆசிரியர்களை இறக்கி அனுப்பாதே என்பவையும் இருந்தன. கடைசி இரண்டும் பள்ளிக்கூடத்தைப் பற்றியவை, அதை மறுக்கக் கூடாது. ஆனால் நீங்கள் கேட்டது, பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்பது, அந்தப் பட்டியலில் இல்லை. நான் பொறுப்பில் இருந்த காலத்துப் பட்டியல்களிலும் இல்லை. வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கிற ஏசர் கணக்கெடுப்பின் 2022-ம் ஆண்டு அறிக்கையில் தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 5 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. கொரோனாதான் காரணம் என்றார்கள், சரி, கொரோனாவுக்கு முன்னால் 2018-லும் 10 சதவீதம்தானே இருந்தது. அந்தக் கணக்கெடுப்பு முறையைக் குறை சொல்பவர்கள் உண்டு. நான் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தது அதிலிருந்து ரொம்பத் தள்ளி இல்லை.

இப்போது கலைத்துவிடலாமா என்பதற்கு வருகிறேன். ஏறக்குறைய ஒரு முறை கலைத்தே பார்த்தார்கள். 2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர், ஆசிரியர்கள் சுமார் 1.7 லட்சம் பேரை டெஸ்மா என்கிற தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தில் ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார் ஜெயலலிதா. அப்புறம் பெரும்பாலானவர்களைத் திரும்பச் சேர்த்தார்கள், ஆனால் அதற்குப் பிறகு பல வருஷம் சங்கத்துக் கூட்டத்துக்கு ஆள் வரப் பயந்தார்கள். அந்தப் பயந்த வருஷங்களில் என் வட்டாரத்தில் ஒரு பள்ளியிலாவது வாசிப்பு கூடியதா என்று யோசித்துப் பார்க்கிறேன், ஞாபகத்துக்கு ஒன்றும் வரவில்லை.

ஏன் கூடவில்லை? நான் ஓய்வு பெற்ற பள்ளியைச் சொல்கிறேன். 47 பிள்ளைகள், ஐந்து வகுப்பு, நானும் இன்னொரு டீச்சரும். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம், ஆக ஆள் பற்றாக்குறை என்று யாரும் சொல்ல முடியாது. காலை ஒன்பதரைக்குக் கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப்பதிவு ஏற்ற வேண்டும். நெட் கிடைக்கிற இடம் வேப்பமரத்தடி மட்டும்தான், அங்கே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பேன், உள்ளே மூன்று வகுப்பும் சேர்ந்து இரைச்சல். பத்தரைக்கு வட்டார வள மையத்திலிருந்து ஒரு போன், ஆதார் இணைக்காத பிள்ளைகள் பட்டியல் உடனே வேண்டும். டீச்சர் பயிற்சிக்குப் போயிருந்தால் அன்றைக்கு ஐந்து வகுப்பும் நான் ஒருவன்தான். ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டும். நல்ல யோசனை, எனக்குப் பிடித்த யோசனை. ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஒருவனே பார்க்கிற அறையில் அரும்புக்கு எத்தனை நிமிஷம் கிடைக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். சங்கம் கலைந்தால் இந்த அறை மாறாது. சங்கம் வேறு மாதிரி பேசினால் மாறலாம் என்பது என் கட்சி, அதைக் கடைசிக் கேள்வியில் சொல்கிறேன்.

உங்கள் பையன் விஷயம் அதுவரை காத்திருக்க வேண்டாம். தினமும் ராத்திரி பத்து நிமிஷம் அவனை உங்களுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். பாடப் புத்தகம் வேண்டாம், கடை போர்டு, ரேஷன் கார்டு, உங்கள் ஆட்டோ ஆர்.சி. புத்தகம் எதுவானாலும் சரி. திக்கினால் திட்டாதீர்கள்.

சார், நான் இடைநிலை ஆசிரியை, பணியில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. சேர்ந்த வாரமே மூன்று சங்கத்துக்காரர்கள் சந்தா ரசீதோடு வந்துவிட்டார்கள். சேர வேண்டுமா? சேராவிட்டால் ஏதாவது ஆகிவிடுமா? (வாசகி, கள்ளக்குறிச்சி மாவட்டம்)

சேருங்கள் டீச்சர். எதில் சேர்வது என்பதை அவசரப்படாமல் முடிவு செய்யுங்கள், சந்தாவை வைத்து யாரும் உங்களை ஒன்றும் செய்துவிட முடியாது.

ஏன் சேரச் சொல்கிறேன் என்றால், உங்கள் ஊதியமே அதற்கு ஒரு காரணம். 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு ஆறாவது ஊதியக் குழுவில் அடிப்படை 8,370 ரூபாய், மறுநாள் ஜூன் 1-ல் சேர்ந்தவருக்கு 5,200. அதே படிப்பு, அதே வகுப்பு, அடிப்படையில் மட்டும் 3,170 ரூபாய் பள்ளம், அப்புறம் அகவிலைப்படியும் ஏழாவது ஊதியக் குழுவும் அதை இன்னும் பெரிதாக்கின. சென்னையில் பள்ளிக் கல்வித் துறைத் தலைமை அலுவலகம் இருக்கிற டி.பி.ஐ. வளாகத்தில் கைக்குழந்தையோடு தரையில் படுத்து உண்ணாவிரதம் இருந்த டீச்சர்களை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள், இதற்காகத்தான். தனியாளாக மனு எழுதினால் இதற்கு யார் பதில் சொல்வார்கள்?

இடமாறுதலையும் சொல்ல வேண்டும். கலந்தாய்வு வருவதற்கு முன்னால் ஒரு டீச்சர் கணவர் ஊருக்கு மாறுதல் வாங்க வேண்டுமென்றால் யார் யார் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது ஊருக்கே தெரிந்த கணக்கு. முன்னுரிமைப் பட்டியலை ஒட்டி, காலிப் பணியிடத்தை எல்லோர் முன்னாலும் காட்டி, கூப்பிட்டுக் கேட்கிற முறை வந்தபோது அழுத டீச்சர்களை நான் பார்த்திருக்கிறேன். ‘நிர்வாக மாறுதல்’ என்ற பெயரில் பின்வாசல் இப்போதும் திறந்திருக்கிறது, அதை மூடச் சொல்லிக் கேட்பதும் சங்கம்தான். 2023 டிசம்பரில் வந்த அரசாணை 243-ஐத் தொடக்கக் கல்வி ஆசிரியர் சங்கங்களின் கூட்டுக் குழுவான டிட்டோஜாக் எதிர்ப்பதையும் கவனியுங்கள். ஒன்றிய அளவில் இருந்த முன்னுரிமையை, அதாவது பணிமூப்பு வரிசையை, மாநில அளவுக்கு மாற்றினால், பதவி உயர்வு வேண்டும் என்கிற பெண் ஆசிரியர் குடும்பத்தை விட்டுவிட்டு எங்கோ ஒரு மாவட்டத்துக்குப் போக வேண்டிவரும். எதிர்ப்பில் நியாயம் இருக்கிறது. பல வருஷமாக வெளிமாவட்டத்தில் மாட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்ப வழி கேட்பவர்களுக்கு அதே அரசாணை நல்லது என்பதும் நிஜம், அவர்களும் சங்கத்து ஆட்கள்தான்.

ஒரு எச்சரிக்கை. வேலைநிறுத்தம் அடிப்படை உரிமை இல்லை என்று 2003 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தமிழ்நாட்டு வழக்கிலேயே சொல்லிவிட்டது. சம்பளப் பிடித்தம், 17பி என்கிற ஒழுங்கு நடவடிக்கைக் குறிப்பாணை எல்லாம் வரலாம். தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

எங்கள் ஊர்ப் பள்ளியில் ஒரு ஆசிரியர் வாரத்தில் மூன்று நாள் பதினோரு மணிக்குத்தான் வருவார். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டோம். அடுத்த நாள் சங்கத்துக்காரர்கள் வந்து சமாதானம் பேசுகிறார்கள். இப்படிப்பட்டவரை ஏன் காப்பாற்றுகிறீர்கள்? (பள்ளி மேலாண்மைக் குழுத் தாய், கிருஷ்ணகிரி மாவட்டம்)

இந்தக் கடிதத்தை நாலு நாள் மேஜை மேலேயே வைத்திருந்தேன் அம்மா.

நான் வட்டாரச் செயலாளராக இருந்தபோது நடந்தது. மெயின் ரோட்டு ஊர் ஒன்றில் ஒரு ஆசிரியர், சீட்டு நடத்துவார், வட்டிக்கும் விடுவார், பள்ளிக்கு வருவது வசூல் முடித்துத்தான். ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்தார்கள், அலுவலகத்தில் 17பி தயாரானது. நாங்கள் இருபது பேர் போய் அலுவலக வாசலில் நின்றோம். அவருக்காக நின்றோம் என்று சொல்ல மாட்டேன், இன்றைக்கு இவருக்கு விட்டால் நாளைக்கு ஒன்றும் செய்யாத ஒருவருக்கும் கொடுப்பார்கள் என்ற பயம், அந்தப் பயத்தில் உண்மையும் இருந்தது. பேச்சுவார்த்தையில் முடிவானது இதுதான்: குறிப்பாணை வேண்டாம், ஆளை மாற்றிவிடலாம். பஸ் நிற்கிற இடத்திலிருந்து நாலு கிலோமீட்டர் நடக்க வேண்டிய ஒரு மலைக் கிராமத்து ஓராசிரியர் பள்ளிக்கு அனுப்பினார்கள். வெற்றி என்று டீ குடித்துவிட்டுக் கலைந்தோம்.

2004 நாடாளுமன்றத் தேர்தலுக்கு எனக்கு வாக்குச்சாவடிப் பணி போட்டது அதே பள்ளியில். முதல் நாள் சாயங்காலம் பெட்டியோடு போய்ச் சேர்ந்தோம். மே மாதம், விடுமுறை. பூட்டைத் திறந்தால் கரும்பலகையில் தேதி எழுதியிருக்கிறது, ஜனவரி மாதத் தேதி. அதற்குக் கீழே ‘மரம்’ என்று ஒரு வார்த்தை, பாதி அழிந்திருந்தது. குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்த ஒரு பெண் பிள்ளையிடம் எத்தனாவது என்று கேட்டேன், நாலாவது போறேன் என்றாள். வாசலுக்கு மேலே அவள் ஊர்ப் பெயர் பெரிய நீல எழுத்தில் இருந்தது. என்னம்மா எழுதியிருக்கு, படி என்றேன். அண்ணாந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். “எங்க பள்ளிக்கூடம்னு எழுதியிருக்கு” என்றாள். ஒரு எழுத்துகூட அவளுக்குத் தெரியவில்லை.

அந்தப் பிள்ளைக்கு அந்த ஆசிரியரை அனுப்பிவைத்தது நாங்கள். அலுவலகமும் நாங்களும் சேர்ந்து. மெயின் ரோட்டு ஊர்க்காரர்களுக்கு மனு எழுதத் தெரிந்திருந்தது, மலை ஊரில் யாருக்கும் தெரியாது, அதனால் அவர் அங்கேதான் போவார், இன்றைக்கும் பல மாவட்டங்களில் இதுதான் நடக்கிறது. எல்லா ஆசிரியரும் இப்படி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2017-ல் அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை 619 பள்ளிகளில் போய்ப் பார்த்தபோது பள்ளியில் இல்லாத ஆசிரியர்கள் 18.5 சதவீதம், ஆனால் அதில் பெரும்பகுதி பயிற்சி, அலுவலக வேலை, முறையான விடுப்பு. காரணமே இல்லாமல் வராதவர்கள் 2.5 சதவீதம்தான். நூற்றுக்கு இரண்டு மூன்று பேர். அவர்களைக் காப்பாற்றப் போய்த்தான் மற்ற 97 பேரின் பெயரையும் கெடுத்துக்கொண்டோம்.

சங்கம் செய்ய வேண்டியது எதுவென்று கேட்டால், விசாரணை நேர்மையாக நடக்கிறதா, அவர் தரப்பைக் கேட்டார்களா என்று பார்ப்பது. அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, தீர்மானத்தை வாபஸ் வாங்காதீர்கள். எந்தெந்தத் தேதி, எத்தனை மணி என்று ஒரு நோட்டில் குறியுங்கள், வட்டாரக் கல்வி அலுவலருக்குக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். மாற்றிவிட்டால் போதும் என்று மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள், அவர் அடுத்த ஊருக்குத்தான் போவார்.

நான் மெட்ரிக் பள்ளியில் எட்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். சம்பளம் 11,000. மே மாதம் சம்பளம் கிடையாது. எங்களுக்குச் சங்கமும் கிடையாது, ஆனால் எங்கள் பள்ளியைத்தான் நல்ல பள்ளி என்கிறார்கள். (வாசகி, நாமக்கல் மாவட்டம்)

சங்கம் இல்லாத பள்ளி எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு உங்கள் கடிதத்தைத்தான் காட்ட வேண்டும். உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தார்கள். முழுச் சம்பளத்துக்குக் கையெழுத்து, கையில் பாதி. நிர்வாகிக்குப் பிடிக்காவிட்டால் ஜூன் மாதம் வர வேண்டாம் என்று ஒரு வரி. கேரளத்தில் 1957-ல் ஈ.எம்.எஸ். அரசு கொண்டுவந்த கல்விச் சட்டத்தின் உயிர்நாடியே ஆசிரியருக்கு அரசே நேராகச் சம்பளம் கொடுப்பதுதான், அதை எதிர்த்துக் கிளம்பிய போராட்டம் 1959-ல் ஆட்சிக் கலைப்பு வரைக்கும் போனது. நம் பக்கம் 1973-ம் ஆண்டின் தனியார் பள்ளிகள் ஒழுங்குமுறைச் சட்டம்தான், கல்வித் துறை ஒப்புதல் இல்லாமல் ஒரு ஆசிரியரை நீக்க முடியாது என்றது. இதெல்லாம் சும்மா வந்துவிடவில்லை.

பெற்றோர்களிடம் ஒன்று கேட்கிறேன். வருஷா வருஷம் கணக்கு டீச்சர் மாறிக்கொண்டே இருக்கிறாரே, ஏன் என்று உங்கள் பள்ளியில் விசாரித்திருக்கிறீர்களா? 11,000 ரூபாயில் குடும்பம் நடத்த முடியாமல் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள். கட்டணம் கட்டுகிற நீங்கள் கேட்டால் நிர்வாகம் பதில் சொல்லியே ஆக வேண்டும். டீச்சர் கேட்டால் வேலை போய்விடும்.

வேலைநிறுத்தத்தின்போது 10,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர் எடுப்போம் என்றதும் படித்த பிள்ளைகள் வரிசையில் நின்றார்களே. அவர்களையே வைத்துக்கொண்டால் அரசுக்கும் மிச்சம், வேலையும் நடக்குமே? (வாசகர், கோவை)

நின்றார்கள், பி.எட். முடித்து வீட்டில் இருக்கிற பிள்ளைகள் வேறு என்ன செய்யும்.

குறைந்த சம்பள ஒப்பந்த ஆசிரியர் நன்றாகவே சொல்லித்தருகிறார் என்பதற்குச் சாட்சி இல்லாமல் இல்லை. மேற்கு கென்யாவில் பள்ளிக் குழு மூலம் எடுத்த ஒப்பந்த ஆசிரியர்கள் நிரந்தர ஆசிரியர்களைவிட ஒழுங்காக வந்தார்கள், பிள்ளைகளும் முன்னேறினார்கள். அதைப் பார்த்துவிட்டு அந்த நாட்டு அரசு நாடு முழுக்க 18,000 பேரை அப்படி எடுத்தது. தொண்டு நிறுவனம் நடத்திய பள்ளிகளில் பலன் தெரிந்தது, அரசே நடத்திய இடங்களில் ஒன்றும் தெரியவில்லை. சம்பளம் மாதக்கணக்கில் தாமதமானது, கண்காணிப்பு இல்லை, சங்கமும் எதிர்த்து நின்றது. சின்ன இடத்தில் நடந்தது பெரிய நிர்வாகத்தில் நடக்கவில்லை.

நம் ஊரிலேயே பாருங்களேன். ஓவியம், உடற்கல்வி, தையல், கணினி சொல்லித்தர 2012-ல் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். வாரத்துக்கு மூன்று அரை நாள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் இன்னும் தெருவில்தான் நிற்கிறார்கள், நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் விட்டுவிட்டே போய்விட்டார்கள். என் பள்ளிக்குப் பக்கத்து நடுநிலைப் பள்ளியில் ஓவியம் எடுத்த தம்பி மத்தியானத்துக்கு மேல் பெயின்ட் அடிக்கப் போவார். கை முழுக்கக் கறையோடு வந்து பிள்ளைகளுக்கு மயில் வரைந்து காட்டுவார். அந்த மயில் அவ்வளவு அழகு. அவருக்கு மே மாதச் சம்பளமும் கிடையாது.

நான் அமெரிக்காவில் விஸ்கான்சினில் இருக்கிறேன். இங்கேயும் இதே சண்டைதான். சங்கத்தை ஒடுக்கிய பிறகு பள்ளிகள் மேம்பட்டனவா என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (வாசகர்)

நீங்கள் இருக்கிற மாநிலமே இதற்குப் பெரிய பாடம். 2011-ல் ஆளுநர் ஸ்காட் வாக்கர் கொண்டுவந்த ஆக்ட் 10 சங்கங்களின் பேரம் பேசும் உரிமையை அடிப்படைச் சம்பளத்தோடு சுருக்கிவிட்டது. அதற்குப் பிறகு வந்த ஆய்வுகளில் ஒன்று பிள்ளைகளின் மதிப்பெண் சரிந்தது என்கிறது. இன்னொன்று, திறமைக்குத் தகுந்த சம்பளம் கொடுக்க ஆரம்பித்த மாவட்டங்களுக்கு நல்ல ஆசிரியர்கள் போய்ச் சேர்ந்தார்கள் என்கிறது. இரண்டும் ஒரே சமயத்தில் உண்மையாக இருக்கலாம். ஒரு மாவட்டத்துக்கு நல்ல ஆசிரியர் போனால் இன்னொரு மாவட்டம் அவரை இழக்கிறதே.

பின்லாந்தில் ஆசிரியர்களில் 95 சதவீதத்துக்கு மேல் ஒரே சங்கத்தில் இருக்கிறார்கள், அந்தப் பள்ளிகளை உலகமே போய்ப் பார்த்துவிட்டு வருகிறது. தொடக்கப் பள்ளி ஆசிரியரும் அங்கே முதுகலை முடித்தவர். மெக்சிகோவில் சங்கம் அதைவிடப் பலமாக இருந்தது, ஆசிரியர் வேலையைக் காசுக்கு விற்றார்கள், அப்பா ஓய்வு பெற்றால் பிள்ளைக்குக் கொடுத்தார்கள், சங்கத் தலைவி எல்பா எஸ்தர் கோர்தியோவை 2013-ல் பணமோசடி வழக்கில் கைது செய்தார்கள். இரண்டுமே சங்கம்தான். சேரும்போது ஆளை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், சேர்ந்த பிறகு யாருக்கு யார் பதில் சொன்னார்கள் என்பதில்தான் வித்தியாசம்.

இந்தியாவில் உத்தரப் பிரதேசத்தைப் பார்க்கச் சொல்வேன். அரசியல் சட்டத்தின் 171-வது பிரிவு மேலவையில் பன்னிரண்டில் ஒரு பங்கை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கும் இடமாக வைத்திருக்கிறது. அங்கே சங்கத் தலைவர்கள் அப்படியே சட்டமன்றத்துக்குள் போய் உட்கார்ந்தார்கள். நம் மேலவையை 1986-ல் கலைத்துவிட்டதால் நமக்கு அந்த வழி இல்லாமல் போனது. அது நல்லதற்கே என்பது என் எண்ணம்.

20 வருஷம் பாடம் நடத்தியவர்கள் டெட் தேர்வுக்கு ஏன் இப்படிப் பயப்படுகிறார்கள்? பிள்ளைகளுக்கு மட்டும் தினமும் டெஸ்ட் வைக்கலாமா? (கல்லூரி மாணவி, மதுரை)

2025 செப்டம்பர் 1-ல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பைச் சொல்கிறீர்கள். ஓய்வு பெற ஐந்து வருஷத்துக்கு மேல் இருக்கிற ஆசிரியர் இரண்டு வருஷத்துக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும், இல்லையென்றால் வேலை இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர், 48 வயது, அவர் நடத்தும் முதல் வகுப்பில் கிறிஸ்துமஸ் லீவுக்குள் எல்லாப் பிள்ளையும் எழுத்துக் கூட்டும். இப்போது ராத்திரி ஒரு மணி வரை உளவியல் வினா-விடைப் புத்தகம் படிக்கிறார், பகலில் வகுப்பில் கண் சொருகுகிறது என்று என்னிடம் அழுதார். அவரெல்லாம் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பில், அன்றைக்கு இருந்த விதிப்படி முறையாக வந்தவர்கள். தமிழ்நாட்டில் 2012-ல் நடந்த முதல் டெட் தேர்வில் எழுதியவர்களில் 1 சதவீதம்கூடத் தேறவில்லை. அதை வைத்து ஒருவருக்குச் சொல்லித்தரத் தெரியுமா என்று முடிவு செய்ய முடியாது.

ஆனால் உங்கள் இரண்டாவது கேள்வி என்னைக் குத்துகிறது. எந்தச் சோதனையும் வேண்டாம் என்று சங்கம் சொல்லக் கூடாது. தேர்வு வேண்டாம், எங்கள் வகுப்புக்கு வந்து உட்கார்ந்து பாருங்கள், வருஷத்துக்கு நாலு முறை பாருங்கள், பிள்ளையை வாசிக்கச் சொல்லிப் பாருங்கள் என்று நாமே முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அரசுப் பள்ளி ஆசிரியர்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும் என்று சட்டம் போட்டால் என்ன? (வாசகர், தஞ்சாவூர்)

2015-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் உத்தரப் பிரதேச அரசு ஊழியர்கள் எல்லோருக்கும் சேர்த்தே அப்படி உத்தரவிட்டது, நடைமுறைக்கு வரவில்லை. சட்டம் வேண்டாம் என்பேன். என் இரண்டு பிள்ளைகளும் நான் வேலை பார்த்த பள்ளியில்தான் படித்தார்கள், அதனால் அந்த வருஷங்களில் என் பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வராமல் இருந்ததில்லை.

தோழரே, இத்தனை வருஷம் சங்கத்தில் இருந்துவிட்டு இப்போது நம்மைக் குறை சொல்லி எழுதுகிறீர்கள். இதைக் காட்டித்தானே அரசு நம்மை ஒடுக்கும்? (சங்கப் பொறுப்பாளர், ஊர் வேண்டாம் என்கிறார்)

தோழர், கோபம் புரிகிறது. 2003-ல் நானும் வேலை போனவன்தான், அந்தப் பட்டியலில் என் பெயரைத் தேடிய காலை நேரத்தை மறக்கவில்லை. பெட்டிக்கடையில் பேப்பர் வாங்க வந்தவர்கள் எங்களைப் பார்த்து, “நல்லா வேணும்” என்றார்கள். எங்களிடம் படித்த பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள். அரசு நீக்கியதைவிட அதுதான் எனக்கு வலித்தது. 2019-லும் அதே குரல் கேட்டது, இந்த முறை முதல் கடிதமே திருவண்ணாமலையிலிருந்து அப்படித்தான் வந்திருக்கிறது.

அவர்கள் நம் பக்கம் வர வேண்டுமென்றால் கோரிக்கைப் பட்டியலில் அவர்கள் பிள்ளை இருக்க வேண்டும். ஓய்வூதியத்தை எடுத்துவிடச் சொல்லவில்லை, அது முதல் வரியிலேயே இருக்கட்டும். அதற்குக் கீழே எழுதுங்கள்: வகுப்புக்கு ஒரு ஆசிரியர், பிள்ளைகள் எத்தனை பேர் இருந்தாலும். எமிஸ் வேலைக்கு இரண்டு மூன்று பள்ளிகளுக்குச் சேர்த்து ஒரு தனி ஆள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தேர்தல், பேரிடர் தவிர வேறு வேலை தரக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் 27-வது பிரிவு சொல்கிறதே, அதைக் கறாராகப் பிடியுங்கள். ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவரை மலைக் கிராமத்துக்கும் ஓராசிரியர் பள்ளிக்கும் மாற்றக் கூடாது. இதை நாமே கேட்க வேண்டும். அப்புறம், மூன்றாம் வகுப்பு முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் வாசிக்க வேண்டும், அதற்கு எங்களுக்கு என்னென்ன வேண்டும் என்று கணக்குப் போட்டு எழுதுங்கள். இதற்காக ஒரு நாள் வேலைநிறுத்தம் செய்தால் பெற்றோர் நம்மோடு வந்து உட்காருவார்கள், நான் பந்தயம் கட்டுகிறேன்.

அடுத்த வட்டாரப் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாக வையுங்கள். முன்மொழிய யாரும் எழுந்திருக்கவில்லையென்றால் பத்திரிகை மூலம் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். ஓய்வு பெற்றவனுக்கு ஓட்டு கிடையாது, பேச அனுமதி உண்டு. எந்த ஊராக இருந்தாலும் பஸ் பிடித்து வருகிறேன்.